கோடிக்கணக்கில் அபராதம் போடுகிறார்கள், அப்புறம் ஏன் எதுவும் மாறுவதில்லை?

கேள்வி இதுதான்: "கூகுளுக்கு 1,337 கோடி, சிமென்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடிக்கு மேல் என்று போட்டி ஆணையம் அபராதம் போட்டதாகப் படிக்கிறோம். அப்புறம் சத்தமே இல்லை. இந்த ஆணையத்தால் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா? டிஜிட்டல் போட்டிச் சட்டம் என்று புதிதாகப் பேசுகிறார்களே, அது வந்தால் சரியாகிவிடுமா?"

மாறியிருக்கிறது. ஆனால் அபராதம் பெரிதாக இருந்த இடங்களில் அல்ல, உத்தரவுக்கு ஸ்டே கிடைக்காமல் போன இடங்களில். இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தியாவில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்போது நடக்கும் சண்டைகளில் பாதி புரிந்துவிடும்.

நீங்களே சிமென்ட்டைச் சொன்னதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். கட்டுநர் சங்கம் கொடுத்த புகாரின் பேரில் 2012 ஜூனில், நிறுவனங்கள் நியாயமாகப் போட்டியிடுகின்றனவா என்று கண்காணிக்கும் மத்திய அமைப்பான இந்தியப் போட்டி ஆணையம், 11 சிமென்ட் நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு, சேர்ந்து பேசி விலையை ஏற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. நம் ஊர் வார்த்தையில் சொன்னால் சிண்டிகேட், சட்டத்தில் கார்டெல். சென்னையைச் சேர்ந்த இந்தியா சிமென்ட்ஸும், அப்போது மெட்ராஸ் சிமென்ட்ஸ் என்ற பெயரில் இருந்த ராம்கோவும் அந்தப் பட்டியலில் உண்டு. 2015 டிசம்பரில், போட்டி வழக்குகளுக்கென்று அப்போது தனியாக இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. காரணம் விலை சம்பந்தப்பட்டது அல்ல. வாதங்களை நேரில் கேட்காத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார், அவ்வளவுதான். ஆணையம் மறுபடி விசாரித்து 2016 ஆகஸ்டில் ஏறக்குறைய 6,700 கோடி விதித்தது. 2018 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைச் சரி என்றது. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டு, பத்து சதவீதத்தை மட்டும் கட்டிவைக்கச் சொன்னது. வழக்கு அங்கே ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

வழக்கு நின்றாலும் தொழில் நிற்கவில்லை. குற்றம்சாட்டப்பட்ட அந்த 11 பேர் இப்போது எங்கே என்று தேடிப் பாருங்கள். ஜெய்பிரகாஷின் ஆலைகளில் பெரும்பகுதி 2017-ல் அல்ட்ராடெக்கிடம் போனது. பினானி 2018-ல் திவால் நடைமுறை வழியாக அல்ட்ராடெக்கிடம் போனது. செஞ்சுரியின் சிமென்ட் பிரிவும் அங்கேதான். ஏசிசி, அம்புஜா இரண்டும் 2022-ல் அதானி குழுமத்துக்குப் போயின. லஃபார்ஜின் இந்தியத் தொழில் நிர்மாவிடம். 2024 கடைசியில் இந்தியா சிமென்ட்ஸையும் அல்ட்ராடெக் வாங்கியது, போட்டி ஆணையமே அதற்கு அனுமதி கொடுத்தது. சிண்டிகேட் என்று யாரைச் சொன்னார்களோ, அவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்று இரண்டே குழுமங்களுக்குள் இருக்கிறார்கள். தனித்தனி முதலாளிகள் சேர்ந்து பேசி விலை வைத்தால் குற்றம். ஒரே முதலாளி ஆகிவிட்டால் பேச வேண்டிய தேவையே இல்லை, அது சட்டப்படி ஒரே நிறுவனத்தின் விலை. இணைப்புகளுக்கு அனுமதி கொடுக்கும் மேசையும் கார்டெல்லைத் தண்டிக்கும் மேசையும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. இந்த முரண்பாட்டைப் பற்றி டிஜிட்டல் விவாதங்களில் காட்டும் சூட்டில் கால்வாசிகூட யாரும் காட்டுவதில்லை என்பது என் குறை.

(இடையில் தமிழக அரசு தன் வழியில் ஒன்றைச் செய்து பார்த்தது. 2015-ல் தனியாரிடம் வாங்கி மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமென்ட் விற்றது, 2021-ல் அரசின் சிமென்ட் நிறுவனமான டான்செம் 'வலிமை' என்ற பிராண்டை இறக்கியது. இது போட்டிச் சட்டம் அல்ல, அரசே கடை போடுவது. ஆனால் வீடு கட்டுகிறவருக்கு முதலில் கையில் கிடைத்தது இதுதான்.)

இப்போது சட்டத்தின் அடிப்படை. பழைய ஏகபோகத் தடைச் சட்டம் 1969-ஐச் சேர்ந்தது. அது பெரிதாக இருப்பதையே சந்தேகத்தோடு பார்த்தது. 2002-ன் போட்டிச் சட்டம் அப்படியில்லை. பெரிதாக இருக்கலாம், சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிலையிலும் இருக்கலாம், அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. மூன்றாவது பிரிவு கூட்டுச் சதிகளுக்கு, நான்காவது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு, ஐந்தும் ஆறும் நிறுவன இணைப்புகளுக்கு. மூன்றும் நான்கும் 2009 மே மாதத்தில்தான் அமலுக்கு வந்தன, இணைப்புப் பிரிவுகள் 2011 ஜூனில். அதாவது இந்த அமைப்புக்கு வயது அதிகமில்லை. ஆனால் ஆள் பற்றாக்குறை மட்டும் பழைய அரசு அலுவலகம் மாதிரி. 2022 அக்டோபரில் தலைவர் ஓய்வு பெற்றபின் அடுத்த முழுநேரத் தலைவர் வந்தது 2023 மே மாதத்தில். கூட்டம் நடத்தக் குறைந்தது மூன்று பேர் வேண்டும், அந்த மூன்று பேர்கூட இல்லாமல் சில மாதங்கள் இணைப்பு விண்ணப்பங்கள் அப்படியே கிடந்தன.

'ஆதிக்க நிலை இருந்தால்தான் தவறு' என்ற இந்த நிபந்தனை வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ இலவச டேட்டாவோடு வந்தபோது ஏர்டெல் ஆணையத்திடம் போனது. செலவுக்கும் கீழே விற்று எங்களை அழிக்கப் பார்க்கிறார்கள் என்றது. 2017 ஜூனில் ஆணையம் புகாரைத் தள்ளியது: புதிதாக வந்தவருக்கு ஆதிக்க நிலை இல்லை, ஆதிக்கம் இல்லாதவர் அடிமாட்டு விலைக்கு விற்றாலும் நான்காவது பிரிவு பொருந்தாது. சட்டத்தின் எழுத்துப்படி அது சரியான முடிவு. வாடிக்கையாளருக்கும் டேட்டா மலிவானது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் 2018-ல் திவால் மனு போட்டது. ஏர்செல்லுக்குக் கடன், தோற்றுப்போன இணைப்பு என்று வேறு காரணங்களும் இருந்தன, எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. இருந்தாலும் இன்று தனியாரில் மூன்று பேர்தான் மிச்சம், கட்டணமும் இறங்கிக்கொண்டே இருக்கவில்லை.

உலக அளவில் அறிஞர்கள் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். 1970-களின் கடைசியிலிருந்து அமெரிக்க நீதிமன்றங்கள் 'சிகாகோ பள்ளி' எனப்படும் பொருளாதார, சட்ட அறிஞர்களின் கருத்தை ஏற்றுக்கொண்டன: நுகர்வோருக்கு விலை ஏறியதா, தரம் குறைந்ததா என்று மட்டும் பாருங்கள், எத்தனை கடை மூடியது என்று பார்க்காதீர்கள். 2021-ல் அமெரிக்காவில் போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் ஃபெடரல் டிரேட் கமிஷனுக்குத் தலைவரான லீனா கான் தரப்பு இதை எதிர்த்தது. காசே வாங்காத வாட்ஸ்அப்பில், கூகுள் தேடலில் விலையை எங்கே போய் அளப்பது, சந்தையின் அமைப்பையே பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்கு இரண்டாவது தரப்பின் கேள்வி சரியாகப் படுகிறது, அவர்கள் தரும் அளவுகோல் போதாது. 'அமைப்பு கெட்டுவிட்டது' என்பதை ஒரு நீதிபதி எதை வைத்து நிறுவுவார்? இந்தக் குழப்பம் 2025 நவம்பரில், அந்தக் கமிஷன் மெட்டா மேல் போட்ட வழக்கில் வெளிப்பட்டது. இன்ஸ்டாகிராமை 2012-ல் 100 கோடி டாலருக்கும், வாட்ஸ்அப்பை 2014-ல் 1,900 கோடி டாலருக்கும் வாங்கிப் போட்டியை விழுங்கினார்கள் என்பது வழக்கு. இன்ஸ்டாகிராம் விற்பனையை அப்போது தடுக்காமல் விட்டது அதே கமிஷன்தான். வழக்குப் போட்டது 2020-ல், தீர்ப்பு வந்தது 2025-ல். அதற்குள் டிக்டாக் வளர்ந்து நின்றது. இன்றைய நிலையில் மெட்டாவுக்கு ஏகபோகம் இருப்பதாக நிரூபிக்கவில்லை என்று நீதிபதி போஸ்பெர்க் வழக்கைத் தள்ளினார்.

கூகுள் தேடல் வழக்கில் அமெரிக்க அரசு ஜெயித்தது, ஆனாலும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடலே முதலில் வரவேண்டும் என்பதற்காக 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கூகுள் கொடுத்திருந்தது. சரி, பரிகாரம்? குரோமை விற்கச் சொல்ல வேண்டும் என்று அரசு கேட்டது. 2025 செப்டம்பரில் மேத்தா மறுத்துவிட்டார். பிரத்யேக ஒப்பந்தங்கள் கூடாது, சில தரவுகளைப் போட்டியாளர்களோடு பகிர வேண்டும் என்பதோடு நிறுத்தினார். பணம் கொடுப்பதை முழுதாகத் தடுக்கவில்லை. வழக்கு நடந்த காலத்தில் ஏஐ சாட்பாட்கள் வந்து நிலைமையை மாற்றிவிட்டன என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. இரண்டு வழக்கிலும் ஒரே விஷயம் நடந்திருக்கிறது: விசாரணை நீண்டது, அந்த நீட்சியே எதிர்த்தரப்பின் வாதமானது.

ஐரோப்பாவில் கூகுள் ஷாப்பிங் வழக்கு 2010-ல் விசாரணைக்கு வந்து, 2017-ல் 242 கோடி யூரோ அபராதமாகி, 2024-ல்தான் இறுதியானது. இந்த இழுபறியில் நொந்துபோய்த்தான் அவர்கள் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய தளங்களை முன்கூட்டியே பட்டியலிட்டு, செய்யக் கூடாதவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது. தவறு நடந்தபின் ஆதிக்கம் இருந்ததா, சந்தை எது என்று பத்து வருடம் வாதாட வேண்டியதில்லை. 2024 மார்ச்சிலிருந்து அந்தக் கடமைகள் அமலில் உள்ளன, 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோவும் மெட்டாவுக்கு 20 கோடி யூரோவும் அபராதம் போட்டார்கள். பிரிட்டனும் ஜப்பானும் இதையொட்டித் தங்கள் சட்டங்களை எழுதிவிட்டன.

இந்தியாவில் இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள ஒரு சென்னை நிறுவனத்தின் கதை போதும். பாரத் மேட்ரிமோனியை நடத்தும் மேட்ரிமோனி டாட் காம் 2012-ல் கூகுள் மேல் புகார் கொடுத்தது. தேடல் முடிவுகளில் தன் சொந்தச் சேவைகளை மேலே காட்டுகிறது என்பது புகார். ஆணையம் 2018 பிப்ரவரியில் 135.86 கோடி அபராதம் விதித்தது. ஆறு வருடம். அடுத்த சண்டை ப்ளே ஸ்டோர் கட்டணத்தில் வந்தது. ஆப்புக்குள் நடக்கும் டிஜிட்டல் விற்பனையில் கூகுள் ஒரு பங்கு கேட்டது, அதை எதிர்த்து இதே நிறுவனமும் வேறு பலரும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஆகஸ்டில் நீதிமன்றம், இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று மனுக்களைத் தள்ளியது. 2024 ஜனவரியில் மேல்முறையீடும் தள்ளுபடி. உச்ச நீதிமன்றத்தில் இடைக்கால நிவாரணம் கிடைக்கவில்லை. மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி உட்படப் பல ஆப்களை கூகுள் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. சில நாட்களில் மத்திய அமைச்சர் பேசியபின் அவை திரும்ப வந்தன. மார்ச் நடுவில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது, ஆனால் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது.

இதில் எது எவ்வளவு வேகமாக நடந்தது என்று பாருங்கள். ஒரு ஆப்பை எடுக்க ஒரு நாள். ஆணையம் ஒரு புகாரை முடிக்க ஆறு வருடம். நடுவில் வேலை செய்தது சட்டமே இல்லை, அமைச்சரின் தலையீடு. கூகுளுக்கு அவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்டோரை நடத்தச் செலவு உண்டு, பெரும்பாலான டெவலப்பர்கள் எந்தக் கட்டணமும் கட்டுவதில்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்த வாதத்தைச் சரியா தவறா என்று முடிவு செய்ய வேண்டிய இடம் தூங்கினால், பலம் உள்ளவர் வைத்ததுதான் விதி.

எதிர் உதாரணம் ஆண்ட்ராய்டு வழக்கு. 2022 அக்டோபரில் 1,337.76 கோடி அபராதத்தோடு, செய்ய வேண்டிய மாற்றங்களின் பட்டியலையும் ஆணையம் கொடுத்தது. கூகுள் ஸ்டே கேட்டது. தீர்ப்பாயம் தரவில்லை, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தரவில்லை. ஒரே வாரத்தில் கூகுள் மாற்றங்களை அறிவித்தது: போன் தயாரிப்பாளர்கள் கூகுள் ஆப்களை மொத்தக் கட்டாக எடுக்க வேண்டியதில்லை, தனித்தனியாக எடுக்கலாம், புதுப் போனில் எந்தத் தேடல் வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்த மார்ச்சில் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்து, நான்கு உத்தரவுகளை மட்டும் நீக்கியது. மற்ற இடத்தில் அபராதமே சுருங்கியது. ப்ளே ஸ்டோர் வழக்கின் 936.44 கோடி 2025 மார்ச்சில் 216.69 கோடியானது. வாட்ஸ்அப் வழக்கில் 213.14 கோடி அபராதம் நின்றது. ஆனால் விளம்பரத்துக்காக மெட்டாவின் பிற நிறுவனங்களோடு ஐந்து வருடம் தரவு பகிரக் கூடாது என்ற தடைக்கு 2025 ஜனவரியில் ஸ்டே கிடைத்தது, நவம்பரில் அந்தத் தடை ரத்தே ஆனது. மெட்டாவுக்கு அந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் கவலைப்பட்டது தடைக்குத்தான்.

அப்படியானால் அபராதத்தை உயர்த்தினால் என்ன? அதையும் செய்துவிட்டார்கள். 2017-ல் எக்செல் கிராப் கேர் வழக்கில் (தானியக் கிடங்கில் பூச்சிக்கு வைக்கும் மாத்திரை டெண்டரில் கூட்டுச் சதி) உச்ச நீதிமன்றம், எந்தப் பொருளில் தவறு நடந்ததோ அந்தப் பொருளின் விற்றுமுதலை வைத்துத்தான் அபராதம் கணக்கிட வேண்டும் என்றது. 2023 திருத்தம் அதை மாற்றி, உலகளாவிய மொத்த விற்றுமுதலை உச்சவரம்புக் கணக்கில் கொண்டுவந்தது, அதில் பத்து சதவீதம் வரை. ஆப்பிள் இதை 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. தனக்கு 3,800 கோடி டாலர் வரை அபராதம் வரலாம் என்பது அவர்கள் கணக்கு. என் பார்வையில் இந்த ஆயுதம் தேவைக்கு மேல் பெரியது. தொகை பெரிதாகப் பெரிதாக எந்தத் தீர்ப்பாயமும் ஸ்டே கொடுக்கவே பார்க்கும், வழக்கு இன்னும் நீளும். அதே திருத்தத்தில் வந்த சமரச வழி எனக்கு இதைவிடப் பிடித்திருக்கிறது. ஆண்ட்ராய்டு டிவி வழக்கை கூகுள் 2025 ஏப்ரலில் 20.24 கோடி கட்டி, ஒப்பந்த முறையை மாற்றிக்கொள்வதாகச் சொல்லி முடித்தது. தொகை சின்னது, செய்தியாகக்கூடப் பெரிதாக வரவில்லை, ஆனால் மாற்றத்துக்கு மேல்முறையீடு இல்லை. 2,000 கோடிக்கு மேல் மதிப்புள்ள கொள்முதல்கள், வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் குறிப்பிடத்தக்க தொழில் இருந்தால், அனுமதிக்கு வர வேண்டும் என்ற 2024 செப்டம்பர் விதியும் நல்லதுதான். விற்றுமுதலே இல்லாத செயலிகளைப் பெரியவர்கள் வாங்கிப் போடுவது இதற்குமுன் ஆணையத்தின் கண்ணிலேயே படாது.

இனி டிஜிட்டல் போட்டி மசோதா. 2024 மார்ச்சில் நிபுணர் குழு வரைவை வெளியிட்டது. இந்தியாவில் 4,000 கோடி விற்றுமுதல் அல்லது உலக அளவில் 3,000 கோடி டாலர் விற்றுமுதல் போன்ற பண அளவுகளில் ஒன்று, அதோடு ஒரு கோடி பயனர்கள் அல்லது பத்தாயிரம் வணிகப் பயனர்கள் இருந்தால் அந்த நிறுவனம் பட்டியலுக்கு வரும். ஒரு கோடி பயனர் என்பது ஐரோப்பாவில் பெரிது. நம் நாட்டில் கொஞ்சம் ஓடுகிற எந்த ஆப்பும் அதைத் தொட்டுவிடும். அதனால் வளர்ந்துவரும் இந்திய நிறுவனங்களும் மாட்டும் என்ற பயத்தில் ஸ்டார்ட்அப் உலகமே இரண்டாகப் பிரிந்தது. எதிர்ப்புக்குப்பின் அரசு அவசரம் காட்டவில்லை, மசோதா நாடாளுமன்றத்துக்கு வராமலேயே இருந்தது.

முன்கூட்டிய விதிகள் வேண்டும் என்பது என் கட்சி, ஆனால் ஐரோப்பாவின் முழுப் பட்டியல் வேண்டாம். ஆப் ஸ்டோர், போன் இயங்குதளம், சந்தைத் தளத்தை நடத்துகிறவரே அதில் விற்பனையாளராகவும் இருப்பது, இந்த மூன்று இடத்தில் மட்டும் விதி போட்டால் போதும். மூன்றாவதற்குக் காரணம் அமேசான், ஃப்ளிப்கார்ட் வழக்கு. டெல்லி வியாபாரிகள் புகாரில் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவு. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஸ்டே. விசாரணை அறிக்கை வரவே 2024 ஆகிவிட்டது, சில விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டினார்கள் என்று அது சொன்னது. உடனே விற்பனையாளர்கள் பல உயர் நீதிமன்றங்களில் மனுப் போட்டார்கள். இதற்குள் எத்தனை மொபைல் கடைகள் மாறிவிட்டன என்பதை உங்கள் ஊர் பஜாரில் பார்த்தாலே தெரியும்.

ஆனால் புதுச் சட்டத்துக்கும் மேல்முறையீடு அதே நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகும். அங்கே திவால் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. 2017-ல் போட்டிக்கென்று தனியாக இருந்த தீர்ப்பாயத்தைக் கலைத்து இதோடு சேர்த்தது தவறான முடிவு என்பது என் கருத்து. போட்டி வழக்குகளுக்கு மட்டும் அங்கே ஒரு தனி அமர்வும், ஆணையத்தில் எப்போதும் முழு எண்ணிக்கையில் உறுப்பினர்களும் இருந்தாலே, பழைய சட்டமே இன்னும் நிறையச் செய்யும். இதற்கு மசோதாவும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். இந்த அபராதம் எதுவும் பாதிக்கப்பட்டவருக்குப் போகாது, இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். இழப்பீடு வேண்டுமென்றால், தவறு நடந்தது என்று ஆணையமோ தீர்ப்பாயமோ சொன்னபின் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் பலர் சேர்ந்தும் போடலாம், சட்டத்தில் 53N பிரிவு அதற்காகவே இருக்கிறது. நீங்கள் ஏதாவது சங்கத்தில் இருந்தால், ஆணையத்தில் தகவல் மனு (அதாவது புகார்) கொடுக்கும் நாளிலிருந்தே பில்களையும் டீலர் விலைப் பட்டியல்களையும் ஒழுங்காக எடுத்து வையுங்கள். வழக்கு முடியும் நேரத்தில் அவற்றைத் தேடினால் கிடைக்காது.